கடைதான் மாறிவிட்டது என்று நினைத்தேன்

போன வருடம் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை. கிள்ளானில் எங்கள் வீடு இருக்கும் தாமானுக்குப் பின்னால் இருக்கிற சூப்பர் மார்க்கெட்டில் நடந்தது இது. செராஸில் இருக்கும் மகளும் மருமகனும் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தார்கள். குருமாவுக்குத் தேங்காய்ப்பால் போதாது என்று மனைவி சொன்னதும், "ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிட்டேன்.

எனக்கு இனிப்பு நீர் உண்டு. காலையில் இன்சுலின் ஊசி போட்டால் உடனே பசியாற வேண்டும். அன்றைக்கு ஊசி போட்டாயிற்று. "பசியாறிட்டுப் போங்க, தோசை ஊத்துறேன்" என்று மனைவி சமையலறையிலிருந்து கத்தினாள். "வந்து பசியாறுறேன் லா" என்று சொல்லிவிட்டு நடந்தே போனேன்.

அந்தக் கடை கொஞ்ச நாள் மூடிக் கிடந்து, வேறு பெயரில் மறுபடி திறந்திருந்தது. அதன் பிறகு அன்றுதான் முதல் தடவையாக உள்ளே போகிறேன். சிவப்பும் மஞ்சளுமாய்க் கண்ணைக் குத்திய பழைய போர்டு போய், எல்லாமே இளம் ஊதாவாக இருந்தது. சுவர், வேலையாட்களின் சட்டை, கூடையின் கைப்பிடிகூட ஊதா. விளக்கு எங்கே எரிகிறது என்றே தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் பால் ஊற்றிய மாதிரி எங்கும் பரவியிருந்தது. அரிசி மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் இப்போது பூங்கொத்துகள். மெல்லிய பாட்டு ஒன்று தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

நடக்க நடக்க அலமாரிகள் நீண்டுகொண்டே போயின. தரை மெத்தை மாதிரி அமிழ்ந்தது. ஒரே பிஸ்கட் அலமாரியை எத்தனை முறை கடந்தேனோ தெரியாது. புதுக் கடை, அதனால்தான் வழி புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பயமும் இல்லை. உண்மையைச் சொன்னால், அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை. எதற்காக வந்தேன் என்பதுகூட மறந்துவிட்டது. யாரோ என் கூடையில் தேங்காய்ப்பால் பாக்கெட்டைப் போட்டிருந்தார்கள். அது நானாகத்தான் இருக்க வேண்டும்.

வழக்கமான காஷியர் கவுண்டர்களையும் எடுத்துவிட்டிருந்தார்கள். நாமே ஸ்கேன் செய்து கட்டணம் கட்டும் மிஷின்கள் வரிசையாக நின்றன. பாக்கெட்டைக் காட்டினேன், 'பீப்' என்றது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. மறுபடி காட்டினேன். மறுபடியும் காட்டினேன். திரையில் எழுத்துகள் மீன் குஞ்சுகள் மாதிரி நீந்தின. மிஷின் பெண் குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேனாம். அதன் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

கடையில் வேலை செய்யும் மலாய்ப் பெண் வந்து ஏதோ அட்டையைத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனாள். நான் திரும்பவும் அதே பாக்கெட்டைக் காட்டினேன். திரும்பவும் சிவப்பு விளக்கு.

எனக்குப் பின்னால் நம் தமிழ் அம்மா ஒருவர் நின்றிருந்தார். "என்னா அங்கிள், விளையாடுறீங்களா? எனக்கு வேலை இருக்கு" என்று எரிந்து விழுந்தார். "காலையிலேயே மாபோக்" என்று வேறொரு குரல் கேட்டது. குடிபோதையாம்! கோபம் வர வேண்டும். ஆனால் அந்தச் சொல் வேறு யாருக்கோ சொன்னது மாதிரி என்னைத் தாண்டிப் போய்விட்டது. காவலாளி என்னை நோக்கி வருவது தெரிந்தது. அவரும் மிதந்துதான் வந்தார்.

அப்போதுதான் அந்த அம்மா முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு குளிர்ச்சியான ஏர்கோனில் என் சட்டை முழுக்க நனைந்திருந்ததாம், கை நடுங்கியதாம். "இனிப்பு நீரா? ஊசி போட்டீங்களா?" என்று கேட்டார். எந்தப் பக்கம் தலையாட்டினேனோ தெரியாது. பக்கத்திலிருந்த சின்ன ஐஸ்பெட்டியைத் திறந்து லைச்சி ஜூஸ் ஒன்றை எடுத்து, ஸ்ட்ராவைக் குத்தி என் வாயருகே நீட்டினார்.

"அது இன்னும் ஸ்கேன் பண்ணல" என்றேன் நான். அந்த நிலைமையிலும்!

"உயிர் இருந்தா பண்ணிக்கலாம், குடிங்க லா!"

குடித்தேன். மலாய்ப் பெண் ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்தாள். என்னைப் பிடித்து வெளியே தள்ள வந்த காவலாளி, தோளைத் தாங்கி உட்கார வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் திரையில் எழுத்துகள் எழுத்துகளாயின. பாட்டு தண்ணீரை விட்டு மேலே வந்தது. கூடவே பயமும் வந்தது. அதற்கு முன்னால் இல்லாத பயம் எல்லாம் சேர்ந்து அப்போதுதான் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை இறங்கினா இப்படித்தான் வரும். கோவிச்சிக்காதீங்க, முதுகை மட்டும் பார்த்துப் பேசிட்டேன்" என்றார் அந்த அம்மா. என் கைப்பேசியை வாங்கி என் மனைவிக்கு அழைத்தார். ஒரு ரொட்டியைப் பிரித்து எனக்குக் கொடுத்தார். மனைவி தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் ஓடி வரும்வரை பக்கத்திலேயே நின்றார். "பசியாறாம வெளியே விடாதீங்க அக்கா" என்று அவளுக்கும் ஒரு திட்டு விழுந்தது.

மனைவி என் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது நான் அந்த அம்மாவைத் தேடினேன். அவ்வளவு அவசரமாக இருந்தவர், தன் இடம் போய்விட்டதால், கூடையோடு போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். கும்பிட்டேன். 'போங்க போங்க' என்று கையை ஆட்டினார். பெயர்கூடக் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் எங்கே வரிசையில் நின்றாலும், முன்னால் இருப்பவர் தாமதித்தால் எனக்கும் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஓர் அடி முன்னே போய் அவர் முகத்தைப் பார்த்துவிடுகிறேன்.