கெட்டிமேளத்துக்கு எண்ணெய் விட்டவர்

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் மெஷின்களுக்கு எண்ணெய் விடுவது வைகுண்டராஜின் வேலை. மூக்கு நீண்ட கேனோடு மில்லுக்குள் நடப்பதோடு அவர் நிறுத்தியிருந்தால், மனைவி சீனியம்மாளுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. வீட்டுக்கும் ஒரு சின்னக் கேனைக் கொண்டுவந்துவிட்டார். உலகத்தில் எது நின்றாலும் அதற்கு எண்ணெய் பத்தவில்லை என்பது அவருடைய சித்தாந்தம். கதவு, தையல் மெஷின், மேசை விசிறி எல்லாம் குளித்தன. சுவர்க் கடிகாரம் குளித்தபிறகு மணி காட்டுவதை விட்டுவிட்டுச் சுவரெல்லாம் கோடு கோடாக எண்ணெய் வடித்தது.

“பழைய சரக்கு. தானாச் செத்துப்போச்சு” என்றார்.

“தானாச் சாகல. நீங்க கொன்னு போட்டீக” என்று சொல்லி அவர் தட்டில் குழம்பை ஊற்றினாள் சீனியம்மாள். அவளுக்கு அவர்மேல் கோபமெல்லாம் வருவதில்லை. கோபப்படும் அளவுக்கு அந்த மனுசனிடம் சரக்கு இருப்பதாக அவள் நினைக்கவில்லை.

தொண்ணூற்று நான்கில் அவள் தம்பி பால்பாண்டி சிங்கப்பூரிலிருந்து வந்தபோது, கையடக்கமான சிடி பிளேயர் ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தான். மூடியைத் திறந்து காட்டினான்.

“அக்கா, இந்தக் கண்ணாடிப் பொட்டுதான் லென்ஸு. இதோட உசுரே இதுலதான். தூசி படாம மூடி வை. மச்சானக் கிட்ட விடாத.”

மத்தியானம் வேலை ஓய்ந்ததும் காதில் அதை மாட்டிக்கொண்டு படுப்பது சீனியம்மாளின் ஒரே சுகமாயிற்று. ஆனால் பஞ்சு பறக்கிற ஊரில் எதைத்தான் மூடி வைப்பது? வருஷம் திரும்புவதற்குள் பாட்டு தடுக்கித் தடுக்கி விழ ஆரம்பித்தது. அவள் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றுப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து பார்த்தால், வாசலில் தெருவே கூடியிருக்கிறது. நடுவே வைகுண்டராஜ். கையில் பிளேயர், தடங்கலில்லாமல் பாடுகிறது.

“ஒரே சொட்டு. அம்புட்டுத்தான்” என்றார் கூட்டத்திடம்.

உள்ளே லென்ஸ் நகர்கிற கம்பியில் கிரீஸ் மசி காய்ந்து இறுகியிருந்திருக்கிறது. எண்ணெய் பட்டதும் இளகிவிட்டது. குருட்டு அதிர்ஷ்டம். அதை வைத்துக்கொண்டு அவர் சிடி வைத்தியராகிவிட்டார். மில் ஆபீஸ் கிளார்க், மரக்கடைக்காரர் என்று பிளேயர் வைத்திருந்த பணக்காரர்களெல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். எல்லாம் பாடிக்கொண்டே போயின. கொஞ்ச நாளில் ஊமையாகித் திரும்பி வந்தன. விட்ட எண்ணெயில் பஞ்சு ஒட்டிக் களியாகிக் கிடந்தது. “வீட்ல பொம்பளைக தொட்டிருப்பாக” என்று அவர் கூசாமல் சொன்னார். படித்தவர்களும் தலையாட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, முட்டாளுக்கு முட்டாள் துணை என்று சீனியம்மாள் முறத்தைத் தட்டினாள்.

தொண்ணூற்றாறில் மகள் சுந்தரம்மாளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளைக்கு ஊர் சுந்தரபாண்டியம். மண்டபம் ஸ்ரீவில்லிபுத்தூரில். நாதஸ்வரக்காரர்களே வேண்டாம் என்று வைகுண்டராஜ் ஒற்றைக்காலில் நின்றார். மங்கல மேளம் முழுக்க ஒரு சிடியில் இருக்கிறதாம். மைக் செட்டில் இணைத்தால் ஊருக்கே கேட்குமாம்.

“தாலி கட்டுற நேரத்துல அந்த டப்பாவையா நம்புதீக?”

“ஏட்டி, சும்மா கிட. மிஷினு என் கையில இருக்கு.”

“அதத்தான் சொல்லுதேன்.”

முகூர்த்தத்தன்று விடியற்காலையில் மண்டபத்துப் பின்கட்டில் உட்கார்ந்து, சீனியம்மாள் பஞ்சு படாமல் துணியில் சுற்றிக் காத்துவந்த பிளேயருக்கு ‘சர்வீஸ்’ செய்தார். கம்பிக்கு எண்ணெய், சுழலுகிற குமிழுக்கு எண்ணெய், பளபளவென்று இருக்கட்டும் என்று அந்தக் கண்ணாடிப் பொட்டுக்கும் எண்ணெய். ஐயர் கையை உயர்த்தி, “கெட்டிமேளம், கெட்டிமேளம்!” என்றதும், ஜரிகை வேட்டியைச் சரிசெய்துகொண்டு பொத்தானை அமுக்கினார்.

“டுண்... டுண்... டுண்...” என்றது. பிறகு “பீ” என்று ஒரு கீச்சல். பிறகு ஒன்றுமேயில்லை.

மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நின்றது. “என்ன, மேளத்துக்கு விக்கலா?” என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ கேட்க, பந்தியில் காத்திருந்தவர்கள்வரை சிரித்தார்கள். மணவறையில் சுந்தரம்மாளின் குனிந்த தலை இன்னும் குனிந்தது. வைகுண்டராஜ் பிளேயரை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார்.

சீனியம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள், நாக்கைச் சுழற்றினாள், குலவை போட்டாள். அடுத்த மூச்சுக்குள் சுந்தரபாண்டியத்துப் பெண்களும் சேர்ந்துகொள்ள, மண்டபக் கூரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் தாலி ஏறியது.

பந்தி முடிந்ததும், கல்யாணத்துக்கு வந்திருந்த பால்பாண்டி பிளேயரைப் பிரித்தான். எண்ணெயையெல்லாம் துணியில் ஒற்றினான். லென்ஸை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்தான். “மச்சான், இந்தக் கம்பியில பழைய மசியத் துடைச்சிட்டுக் கடுகத்தனை கிரீஸ் வச்சாப் போதும். லென்ஸுக்கு எண்ணெயே ஆகாது” என்றான்.

வைகுண்டராஜ் கைகழுவும் இடத்தருகே தனியாக நின்றார். அந்த நேரம் சீனியம்மாளுக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஒரு வாய்க் காப்பி கொடுக்கலாமென்று பக்கத்தில் போனாள். அவர் சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “மைக் செட்டுல கரண்டு பத்தல. இல்லாட்டி பிச்சு உதறியிருக்கும்.” காப்பியைச் சமையல்காரரிடமே நீட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

பிளேயரை மகளின் சீர்ச்சாமான்களோடு அனுப்பிவைத்தாள். தன் மத்தியான சுகம் போனால் போகிறது, அந்தக் கையிலிருந்து அது தப்பட்டும் என்றிருந்தது அவளுக்கு. சுந்தரம்மாள் அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தலைப்பொங்கல் முடிந்து சீனியம்மாளும் புருஷனும் சுந்தரபாண்டியம் போயிருந்தபோது மகள் பாட்டுப் போட்டாள். சுத்தமாகப் பாடியது. வைகுண்டராஜ் சம்பந்தியின் பக்கம் சாய்ந்தார்.

“பாத்தீகளா? எல்லாம் அன்னைக்கு மண்டபத்துல நான் பண்ணுன சர்வீஸு.”

சீனியம்மாள் வாயைத் திறந்தாள். சிரிப்புத்தான் வந்தது, கண்ணில் தண்ணீர் வர, பாட்டுச் சத்தத்தையும் மீறிச் சிரித்தாள். தன்னை மெச்சித்தான் சிரிக்கிறாள் என்று அவரும் கூடச் சிரித்தார்.