பின்மூளையில் இரண்டு கோடு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேனியில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டிப் பழகி, இன்று கம்பம் பள்ளத்தாக்கில் பாதித் தோட்டத்து பம்ப்செட் என் கை பட்டுத்தான் ஓடுகிறது. தவளைக் கருவின் மூளையைப் பற்றிக் கேட்டாலும் சொல்வேன். மகள் அதில்தான் ஆராய்ச்சி செய்கிறாள். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் எல்லா ஜீனும் உண்டு, எங்கே எது வேலை செய்கிறது என்பதுதான் சேதி என்று அவள் சொன்னவுடனே எனக்குப் பிடிபட்டுவிட்டது. எல்லா அறையிலும் எல்லா சுவிட்சும் இருக்கிறது. எந்த அறையில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதானே.

போடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெண்ணோ கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறாள். சுவிட்ச் போட்ட இடத்தை மட்டும் ஊதாவாகக் காட்டும் சாயம், லோயர் கேம்ப் வாய்க்காலோரம் அள்ளி வந்த தவளை முட்டைகளின் கருவில் முன்பு இரண்டு தடவை பிடிக்கவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. பின்மூளையில் இரண்டு கோடு தெரிந்ததும் கழுவி நிறுத்தவேண்டும், விட்டால் கரு முழுக்கக் கறுத்துப்போகும், அப்புறம் அடுத்த மழைக்குத்தான் முட்டை என்று போனில் படபடத்தாள்.

"நான் வரலப்பா. அவுக கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல."

மாப்பிள்ளையின் அம்மா கேசரியைத் தொடாமல் கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். நல்ல சம்பந்தம், கண் முன்னால் எழுந்து போகப்பார்க்கிறது. விடுவேனா? பெண் வராவிட்டால் நாம் போவோம் என்று எல்லோரையும் கேசரித் தட்டோடு வேனில் ஏற்றினேன். வழியெல்லாம் சுவிட்ச் கதைதான். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. இந்தச் சம்பந்தம் நிற்குமா என்று எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது.

ஆய்வகத்தில் பூவும் இல்லை, பட்டும் இல்லை. கையுறையோடு நின்ற மகள் வாங்க என்று தலையை மட்டும் ஆட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா முதலில் மைக்ராஸ்கோப்பில் தன் இமை மயிரைத்தான் பார்த்தார். பிறகு அப்படியே குனிந்து நின்றுவிட்டார்.

"ஏண்ணே, வேட்டிக் கரை கணக்கா ஊதாவுல ரெண்டு கோடு. இம்புட்டுக்காணு தலைக்குள்ள யாருண்ணே போட்டா?"

நானே போட்ட மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன்.

அடுத்து மாப்பிள்ளை கண் வைத்தார். எடுக்கவே இல்லை.

"நகருங்க, இப்பவே கழுவணும்," என்றாள் மகள்.

"நான் என்ன செய்யட்டும்?" அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஒரு ஜோடி கையுறையையும் ஒரு சொட்டுக்குழாயையும் அவர் பக்கம் தள்ளினாள். "சாயத்தை உறிஞ்சிட்டு இந்தத் தண்ணிய விடணும். ஒரு கருவ உறிஞ்சிட்டீகன்னாலும் சம்பந்தம் கிடையாது."

"வீட்டுல குடிச்ச தம்ளரக் கூடக் கழுவ மாட்டான்ணே," என்று அவர் அம்மா என் காதில் சொன்னார்.

சிரிப்பை அடக்க முடியாமல் நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக உறிஞ்சினார். மகள் குனிந்து ஒவ்வொரு கருவாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கோடு நின்றது, ஒன்றுகூடக் குறையவில்லை. நிமிர்ந்து, வெட்கமே இல்லாமல் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை; சந்தோஷத்தில், கையிலிருந்த கேசரித் தட்டைக் கீழே போட்டவன் நான்தான்.