பெல்ட் பத்திரமா?

பஹ்ரைனிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் என் கணவர் போன் பண்ணுவார். எடுத்ததும், "பெல்ட் பத்திரமா இருக்கா?" அடுத்தது, வெயில் படாமல் வைத்திருக்கிறேனா என்பது. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பதற்குள் போன் கார்டு தீர்ந்து பீப் சத்தம் வந்துவிடும்.

அது காரின் டைமிங் பெல்ட். இன்ஜினில் ஓடுகிற, பல் வைத்த ரப்பர் பட்டை. வேகத்துக்காக இன்ஜினைப் பிரித்து என்னென்னவோ மாற்றி வைத்திருந்தார் மனுஷர். சாதா பெல்ட் அதற்குத் தாங்காதாம். ஒரு லீவில் அங்கிருந்தே ஸ்பெஷலாக வாங்கி வந்தார். மாட்ட நேரமில்லை. அடுத்த லீவில் தானே மாட்டுவதாகவும், வேறு யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அந்த லீவு தள்ளிப்போயிற்று. அதற்கடுத்ததும். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் காரும், அலமாரிக்குள் பெல்ட்டும், வீட்டுக்குள் நானும் கிடந்தோம்.

ஒருநாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெல்ட் இருப்பதால்தானே அதைக் கேட்கிறார்? அது இல்லாவிட்டால் என்னைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்? பெல்ட்டை விற்கவேண்டும் என்று பழவங்காடியில் உதிரிபாகக் கடை ஒன்றில் சொல்லிவைத்தேன்.

விதுராவிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். பொன்முடி மலையில் கார் விரட்டுகிறவர். அதுவும் ஒரு பைத்தியம். பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தவரின் முகம் சுருங்கியது. மாட்டாத பெல்ட் என்றார்களே, பல்லிடுக்கில் என்ன வெள்ளையாக என்று கேட்டார். சந்தனம். ஆயுதபூஜைக்கு வருஷாவருஷம் அரிவாள்மணை, தையல் மெஷினோடு அதையும் வைத்துத் தாராளமாக அப்பியிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. துணியால் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சேச்சி, சார் எப்போ மரிச்சுப் போனாரு?"

இல்லை, பஹ்ரைனில் இருக்கிறார் என்றேன். பாவம், அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். காப்பி கொடுத்து, பெல்ட்டையும் கொடுத்து அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் அழுதேன்.

அந்த வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் ஓடினேன்.

"பெல்ட் பத்திரமா இருக்கா?"

"அதை வித்துட்டேன்."

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"சரி, போகட்டும்" என்றார்.

இனி என்னைக் கேட்பார் என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் யாரோ டிவி பார்க்கிற சத்தம் கேட்டது.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் ஒண்ணுமில்லை."

கார்டு தீருகிற பீப் சத்தம் அன்று வரவில்லை. அவரே போனை வைத்தார்.