லொரேன் ஓட்டிய எண்பத்துநாலாம் நம்பர் பஸ்

லொரேன் டாபின் எங்கள் தார்ன்எண்ட் கிராமத்திலேயே பிறந்தவள். சர்ச்சுக்குப் பின்னால் கவுன்சில் கட்டிக்கொடுத்த வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. புருஷன் சீக்கிரமே விட்டுவிட்டுப் போய்விட்டான். மகள் கெர்ரிக்குக் கல்யாணமானபோது இந்தப் பக்கத்தில் ஒரு கொட்டகைகூட வாங்க முடியாத விலை. அவள் வடக்கே ஹல் நகரத்துப் பக்கம் போய்விட்டாள்.

எங்கள் கிராமத்தில் பாதிப் பேர் லண்டனில் வேலை பார்க்கிறவர்கள். பக்கத்து டவுனான அபிங்ஹாமில் விரைவு ரயில் நிற்கிறது என்பதற்காகவே வீடு வாங்கி வந்தவர்கள். வெளிச்சம் வருவதற்குள் கார்கள் வரிசையாக ஸ்டேஷனுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு மாலைவரை ஊரில் நாய்களும் நாலைந்து வயசாளிகளும்தான். அந்த வயசாளிகளை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனது லொரேனின் பஸ். நாலு கிராமத்தைச் சுற்றிக்கொண்டு போய், அபிங்ஹாமில் பழைய மடாலயத்தின் மதிலோரம் நிற்கும்.

தினமும் ஏறியவர் சிரில் பாஸ்கோம், எண்பதைத் தாண்டியவர். அவர் மனைவி மியூரியலுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தாள். யார் ஊட்டினாலும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். சிரில் கரண்டியை எடுத்தால் மட்டும் திறப்பாள். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் போய்விட வேண்டும்.

ஏறும்போதெல்லாம் லொரேன் அவரைச் சீண்டுவாள். "என்ன மாப்பிள்ளை, இன்னைக்கும் பொண்ணு பார்க்கப் போறீங்களா?"

"ஆமா, டிரைவரம்மா. மெதுவா ஓட்டு. போன தடவை பள்ளத்துல விட்டதுல என் பல்லு சீட்டுக்கடியில போயிடுச்சு."

பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அன்றைக்கு உட்கார இடமில்லை. ஸ்டேஷனுக்குக் காரில் போகிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பஸ் இல்லாவிட்டால் கிராமம் செத்துப்போகும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் உருக்கமாகப் பேசினார்கள். கவுன்சிலிலிருந்து வந்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்கல்லாம் கடைசியா எப்ப அந்தப் பஸ்ல ஏறினீங்க?"

பின்வரிசையிலிருந்து சிரில், "நான் இன்னைக்குக் காலையில ஏறினேன்" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தோடு பஸ் நின்றது. லொரேனுக்கு வேறொரு தடத்தில் வேலை கொடுத்தார்கள். அவள் அதைச் சாயங்கால முறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். காலையில் தன் சின்னக் காரில் சிரிலை ஏற்றிக்கொண்டு போய் இல்லத்தில் விடுவாள். அவர் ஊட்டி முடித்து, மியூரியலின் தலையை வாரிவிட்டு வரும்வரை வெளியே காத்திருந்து திரும்பக் கூட்டிவருவாள். எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்டவர்களிடம், தன்னுடைய பயணி, நடுவழியில் இறக்கிவிட முடியுமா என்று சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் டவுனில் கடை வரிசையில் நின்றிருந்தபோது லொரேன் விழுந்தாள். வலிப்பு. சில வாரங்களில் இன்னொரு முறையும் வந்தது. டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். கார் ஓட்ட ஒரு வருஷம் கூடாது. பஸ் ஓட்டப் பத்து வருஷம். ஐம்பத்தெட்டு வயசுக்காரிக்குப் பத்து வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று டாக்டருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, டிப்போவுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ரோட்டில் தூரத்திலிருந்தே கண்ணில் படுவதற்காகக் கொடுத்த மஞ்சள் பளபளப்புச் சட்டையை மட்டும் அவர்கள் திரும்பக் கேட்கவில்லை.

சிரிலுக்காக அவள் ஊர்க்காரர்களிடம் பேசினாள். ரூபர்ட் ஃபென் என்பவர் ஒப்புக்கொண்டார். நல்லவர்தான், ஆனால் அவருடைய ரயில் விடியுமுன் கிளம்புவது. கிழவர் ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் குளிரில் உட்கார்ந்திருந்து, பிறகு இல்லத்துக்கு நடப்பார். ராத்திரி ரூபர்ட் திரும்பி வரும்வரை மறுபடியும் ஸ்டேஷன். ஒரு மாதத்தில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இருமலோடு உள்ளே வரக்கூடாது என்று இல்லத்தில் தடுத்துவிட்டார்கள். அவர் தேறி எழுந்தபோது ரூபர்ட்டுக்கு வேலை மாறி, வாரம் முழுக்க லண்டனிலேயே தங்கத் தொடங்கியிருந்தார். மியூரியல் பாதியாக இளைத்திருந்தாள்.

அதன்பிறகு சிரில் நடந்தார். டவுனுக்குப் போகிற ரோட்டில் நடைபாதை கிடையாது. இரண்டு பக்கமும் வேலி, வளைவில் கார்கள் பறந்து வரும். முதல் நாள் அவர் கிளம்புவதைப் பார்த்துவிட்டு லொரேன் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். அன்றிலிருந்து அவள் முன்னால், அவர் பின்னால். வளைவுகளில் அவள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். கார்கள் ஒதுங்கிப் போகும். உள்ளே இருப்பவர்கள் கையசைப்பார்கள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இல்லத்திலிருந்து சிரிலுக்குப் போன் வந்தது. மியூரியலுக்கு மூச்சு சரியில்லை, உடனே வாருங்கள் என்றார்கள். அவர் வீட்டுக்குள் போடும் செருப்போடு லொரேன் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெளியே அடைமழை.

லொரேன் டாக்சிக்குப் போன் செய்தாள். எல்லா வண்டியும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போயிருக்கிறது, ஒரு மணி நேரமாகும் என்றார்கள். அவள் தெருவில் இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். சுண்ணாம்பு அடித்த பெரிய வீடுகள், வாசலில் இரண்டு மூன்று கார் நிற்க இடம். எல்லா இடமும் காலி. நாய்கள் குரைத்தன. ஒரே ஒரு வீட்டில் கதவு திறந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்பானியப் பெண். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஊரிலுள்ள அத்தனை காரும் அந்நேரம் ஸ்டேஷனில் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன.

அவர்கள் நடந்தார்கள். பாதி வழியில் சிரில் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நீ ஓடிப் போ, கண்ணு. நான் வர்றேன்னு அவகிட்ட சொல்லு."

"உங்கள விட்டுட்டுப் போக மாட்டேன். நடங்க சிரில்."

கடைசியில் பார்சல் கொண்டுபோகும் வேன் ஒன்று நின்று இருவரையும் ஏற்றிக்கொண்டது. டவுனில் சந்தை நாள். மடாலயத்தைச் சுற்றி வண்டிகள் நகரவில்லை. இல்லத்துக்குள் நுழைந்தபோது நர்ஸ் நடைவழியிலேயே எதிரே வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே லொரேனுக்குப் புரிந்துவிட்டது.

சிரில் தொப்பியை எடுத்தார். தண்ணீர் சொட்டியது. "காலையில ஏதாவது சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

நர்ஸ் தயங்கினாள். "வாயத் திறக்கலங்க. நாங்க எல்லாருமே முயற்சி பண்ணிப் பார்த்தோம்."

அவர் தலையாட்டினார். உள்ளே போய், பையிலிருந்த சீப்பை எடுத்து, மெதுவாக அவளுக்குத் தலை வாரிவிட்டார்.

அடக்கத்துக்கு ஊரே வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தது. சர்ச்சுத் தெருவின் இரண்டு பக்கமும் கார்கள். சவ வண்டி திரும்ப இடமில்லாமல் நின்று, நாலைந்து பேர் ஓடிப்போய்த் தங்கள் கார்களை நகர்த்த வேண்டியிருந்தது. எல்லோரும் சிரிலின் கையைப் பிடித்து, என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. லொரேன் தினமும் சூப் கொண்டுபோய் வைப்பாள், அது அப்படியே இருக்கும். ஒரு நாள் அவள் கரண்டியை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போதும் லொரேன். நீ உன் வீட்டுக்குப் போ."

கோடை முடிவதற்குள் போய்விட்டார். அவருடைய வீட்டை லண்டன் தம்பதி ஒன்று வாங்கி, சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறது.

கார் ஓட்டக்கூடாத அந்த ஒரு வருஷம் முடிவதற்கு முன்பே லொரேனுக்கு மறுபடியும் வலிப்பு வந்தது, கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. காரை விற்றுவிட்டாள். இப்போது அந்தப் பெரிய வீடுகளைத் துடைத்துக் கூட்டுகிறாள். பாதி ஊரின் சாவி அவள் பையில் இருக்கிறது. நாள் முழுக்க ஆளில்லாத அறைகளில் தனியாக நிற்கிறாள். வேலைக்கு நடுவே விழுந்தால் யாராவது பார்ப்பதற்குச் சாயங்காலம் ஆகிவிடும்.

மகளிடம் போய்விடக்கூடாதா என்று போன வாரம் கேட்டேன். எங்கள் வீட்டு ஜன்னலைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அவ இருக்கிறதும் டவுனுக்கு வெளியிலதான். அங்கயும் பஸ் கிடையாது."