ரங்கூன் தேயிலை டப்பா

பொங்கல் முடிந்து, மாட்டுக் கொம்பில் அடித்த பெயின்ட் மங்குவதற்குள் மணவாளன் ஒரு நாள் கம்பெனிக்கு மட்டம் போட்டுவிடுவான். விடிந்ததும் விடியாததுமாகச் சைக்கிளின் பின்னால் ஒரு புதுக் குடத்தைக் கட்டிக்கொண்டு ஆரணி ஆற்றுக்குக் கிளம்புவான். கும்மிடிப்பூண்டியில் கிணற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவன் தெருவில் எந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டாலும் உப்புக் கரிக்கும். ஆற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளிகிற வரைக்கும் குத்துக்காலிட்டுக் காத்திருந்து, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்புவான். இரண்டு மூன்று வருஷமாய் இந்தக் கூத்துதான்.

பக்கத்து வீட்டுப் பரசுராமனுக்கு இதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"இன்னா ரங்கூன்காரரே, ஒரு கப்பு டீ குடிக்கத் தண்ணிக்கு ஆரணி போறே. பாலுக்கு எங்க போவே, திருப்பதிக்கா?"

"இதுக்குப் பால் ஊத்த மாட்டாங்க."

"பால் இல்ல, சக்கர இல்ல. அதுக்குப் பேரு டீ இல்ல நைனா, கஷாயம். பேதி புட்சிக்கினவன் குடிக்கிறது."

மணவாளன் குடத்தை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவான். சொன்னால் புரிகிற விஷயமா அது.

அவனுடைய அப்பா திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிப் போனவர். மணவாளன் பிறந்தது ரங்கூனில். மீசை முளைத்த நாளிலிருந்து லிம் என்கிற சீன முதலாளியின் தேயிலைக் கிடங்கில் வேலை. சீன தேசத்து மலையிலிருந்து வருகிற இலை அது. ஊலாங் என்பார்கள். கறுத்து, முறுக்கிக்கொண்டு, காய்ந்த கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை அதை நெருப்பில் காட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துச் செத்துவிடும். அந்த நெருப்பு வேலைதான் மணவாளனுக்கு.

சட்டியில் போட்டு வறுக்கிற சமாசாரம் இல்லை அது. கரியை மூட்டி, கங்கானதும் மேலே சாம்பலைப் போர்த்தி, நீறு பூத்த நெருப்பின் மேல் மூங்கில் கூடையில் இலையைப் பரப்பி உட்கார வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலை கிடையாது. எல்லாம் மூக்குதான். முதலில் மழை விட்ட வைக்கோல் மாதிரி ஒரு நெடி கிளம்பும். அது போய்ப் பழுத்த பழத்தின் வாசனை வரும். அதற்கும் பிறகு, மெதுவாக, வெல்லப்பாகு காய்ச்சுகிற வாசனை. அந்தப் பாகு வாசனை வந்த கையோடு கூடையை எடுத்துவிட வேண்டும். ஒரு வெற்றிலை போடுகிற நேரம் தாமதித்தாலும் இலை கரி.

"பாகு வந்தா எடு. இத ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு திரியாதே" என்று லிம் முதலாளி சொல்லியிருந்தார். மணவாளன் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னான். மா சேன்.

மா சேன் அதே கிடங்கில் இலையிலிருந்து காம்பு பொறுக்குகிற பர்மாக்காரி. அவளைத்தான் அவன் கட்டிக்கொண்டான். இரண்டு பேர் வீட்டாரும் வாசற்படி ஏறவில்லை. ஏறாவிட்டால் போகட்டும் என்று இருந்தார்கள். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், முதலாளி கொடுத்த உடைசல் இலையைச் சாத்துக்குடி அளவு மண் கெண்டியில் பாதிக்கு அடைப்பாள். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, முதல் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுவாள். இலை முகம் கழுவிக்கொண்டதாம். இரண்டாவது தண்ணீர்தான் குடிக்க. ஒரு வாய் கொள்கிற குட்டிக் கோப்பை. குடித்து முடித்ததும் காலிக் கோப்பையை அவன் மூக்குக்கு நேரே நீட்டுவாள். டீயைவிட அந்தக் காலிக் கோப்பையின் அடியில்தான் வாசனை நிற்கும். அவள் விரல்களிலும் அதே வாசனை நிற்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.

அறுபத்து நாலில் கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. இந்தியாக்காரன் எல்லாம் கப்பலேறு என்றார்கள். மா சேனுக்குக் காகிதம் கிடைக்கவில்லை. அவள் அம்மாவோ படுத்த படுக்கை. நீ முன்னே போ, நான் பின்னாலேயே வருகிறேன் என்றாள். துறைமுகத்தில் அதிகாரிகள் அவன் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டார்கள். தகர டப்பாவைத் திறந்து பார்த்து, வெறும் தேயிலை என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். லிம் முதலாளி கடைசியாகக் கொடுத்த நல்ல இலை. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி அடைத்தவள் மா சேன்.

"இது தீர்றதுக்குள்ள வந்துடுவேன்" என்று அவள் சொன்னாள்.

மணவாளன் முரட்டு ஆள். அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டான். தீர்வதற்குள் வருவாளென்றால் தீரவிடக் கூடாது, அவ்வளவுதானே! அகதி முகாமில் இருந்தபோதும், பிறகு கும்மிடிப்பூண்டியில் ஓட்டு வீடு ஒன்றில் குடியேறிய பிறகும், வருஷத்துக்கு ஒரே நாள்தான் டப்பாவைத் திறந்தான். சவுக்குக் கரி, உமிச் சாம்பல், மூங்கில் கூடை. இலையை நெருப்பில் காட்டி எடுத்து, ஒரே ஒரு சிட்டிகையைக் கெண்டியில் போட்டு, மீதியை மறுபடி மெழுகு வைத்து அடைத்துவிடுவான். குடித்துவிட்டுக் காலிக் கோப்பையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் எதிரே உட்கார்ந்திருப்பாள். முகம்கூட வருஷத்துக்கு வருஷம் கலைந்துகொண்டுதான் வந்தது. விரல் மட்டும் அப்படியே வந்தது.

கடிதம் முதலில் ஆறு மாதத்துக்கொன்று வந்தது. பிறகு வருஷத்துக்கொன்று. எழுபதுக்குப் பிறகு அதுவும் இல்லை. இவன் எழுதியவை போனதும் தெரியாது, போகாததும் தெரியாது.

எழுபத்தொன்றில் பரசுராமன்தான் அவனைக் கம்பி இழுக்கிற கம்பெனியில் சேர்த்துவிட்டான். துருப்பிடித்த கம்பிச் சுருளை ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்கிற வேலை. தொட்டியிலிருந்து புகை பொங்கிக்கொண்டே இருக்கும். முதல் நாள் கண்ணில் நீர் கொட்டியது. ஒரு வாரத்தில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டான்.

"ஆறு மாசம் பல்ல கட்ச்சிக்கினு இரு. பழகிடும்" என்றான் பரசுராமன். அங்கே எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பழகிடும்.

பழகித்தான் போனது. ஒரு நாள் துண்டு கட்ட மறந்து பாதி ஷிப்ட் வேலை பார்த்துவிட்டான். எரிச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. பரசுராமன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். "இப்பதான்டா நீ கம்பெனி ஆளு!" மணவாளனும் சிரித்தான்.

அதற்கடுத்த தை மாதம் கோப்பையில் வாசனை மெலிந்து வந்தது, நாலு தெரு தள்ளி யாரோ பேசுகிற மாதிரி. கிணற்றுத் தண்ணீரின் உப்புதான் காரணம் என்று முடிவு கட்டினான். ஆரணிக்குக் குடம் கட்டிக்கொண்டு போக ஆரம்பித்தது அப்போதுதான். ஊற்றுத் தண்ணீரிலும் அடுத்த வருஷம் மெலிந்தே வந்தது. அதற்கடுத்த வருஷம் இன்னும் மெலிசு. இலைக்கு வயசாகிறது என்று நினைத்துக்கொண்டான். சாப்பாட்டில் உப்பும் உறைப்பும் நாக்குக்குத் தெரிந்தன. மூக்கின் மேல் சந்தேகப்பட அவனுக்கு ஒரு முகாந்திரமும் இல்லை.

எழுபத்தாறு தை. அதற்கு முந்தைய ஐப்பசியில் மழை விடாமல் அடித்து, வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்தது. டப்பாவை இறக்கிப் பார்த்தான். மூடியைச் சுற்றியிருந்த மெழுகில் மயிரிழை அகலத்துக்கு ஒரு வெடிப்பு. மூடியைத் திறந்து மூக்கை வைத்தான். ஒன்றுமே இல்லை. வெறும் தகரம்.

ஈரம் ஏறிவிட்டது, இலை செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தான். செத்துக்கொண்டிருக்கிற இலையை நெருப்புதான் எழுப்பும் என்று லிம் முதலாளி சொன்னதுண்டு. காலையிலேயே கரியை மூட்டினான். கங்குகளைச் சாம்பலால் போர்த்தினான். டப்பாவில் இருந்த அத்தனை இலையையும் கூடையில் பரப்பி, மேலே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வைக்கோல் நெடி வரவில்லை. பழ வாசனை வரவில்லை. சூடு மட்டும் முகத்தில் அடித்தது. உச்சிப்பொழுதும் தாண்டியது.

பரசுராமனின் பெண்சாதி அஞ்சம்மாள் எருமைக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தவள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, வெல்லப்பாகு காச்சறியா? கமகமன்னு வருது."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கும் ஒரு கோப்பை கொடுத்திருக்கிறான். தூவென்று துப்பிவிட்டு, "எரும கூட குடிக்காது" என்றவள். இப்போது புருஷனோடு சேர்ந்து கிண்டல் பண்ண வந்துவிட்டாள் என்று நினைத்தான்.

"போய் உன் எருமைய பாரு, போ."

"நல்லா கீதுன்னு சொன்னா அதுக்கொரு கோவமா?" என்று முனகிக்கொண்டே அவள் போனாள்.

அவன் ஒரு சிட்டிகை எடுத்துக் கெண்டியில் போட்டான். ஆரணித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினான். முதல் தண்ணீரைக் கொட்டினான். இரண்டாவதைக் குடித்தான். வெந்நீர். காலிக் கோப்பையை மூக்கில் வைத்து நெஞ்சு முட்ட இழுத்தான். எதிரே யாரும் உட்காரவில்லை. அந்த விரல்கள் வரவில்லை.

போதாது, இன்னும் நெருப்பு வேண்டும் என்று தோன்றியது. சாம்பலை விலக்கினான். இன்னும் நாலு கைக் கரியை அள்ளிப் போட்டு விசிறினான். கூடையை மறுபடி வைத்தான். முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, வா வா என்று வாய்விட்டே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கண் எரிந்தது. எரியட்டும், வாசனை வரப்போகிறது என்று இன்னும் விசிறினான்.

பொழுது சாய்கிற நேரத்தில் அஞ்சம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ இன்னாண்ணா, ஊடு பத்திக்கினு எரியுதா? இந்த நாத்தத்துல எப்பிடிக் குந்திக்கினு கீற நீ?"

"நாத்தமா?"

"தெருவே இருமுது! மத்தியானம் எவ்ளோ நல்லா வந்துச்சி, பாகு பதத்துக்கு. அத போயி இப்பிடிக் கருக்கி வச்சிக்கினு கீறியே. சும்மா வுட்ருக்கலாம்ல?"

அவன் விசிறியைக் கீழே வைத்தான். பாகு. அந்தச் சொல்லை இந்த ஊரில் ஒருத்தரிடமும் அவன் சொன்னதில்லை. அஞ்சம்மாள் அதைச் சொந்தமாக ஜோடித்திருக்க முடியாது. அவள் மூக்கு சொன்னதைத்தான் அவள் சொன்னாள். உச்சிப்பொழுதில் இலை உயிரோடு எழுந்து உட்கார்ந்திருக்கிறது. தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

மணவாளன் எழுந்து போய் மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்து மூக்கில் வைத்தான். ஒன்றும் இல்லை. பெருங்காய டப்பாவைத் திறந்தான். ஒன்றும் இல்லை. கூடையில் மூங்கில் சிம்பு கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அதன் மேல் முகத்தை வைத்தான். கண்ணீர்தான் வந்தது, நெடி வரவில்லை.

பெருங்காய டப்பாவை அஞ்சம்மாளிடம் நீட்டினான். "இதுல வாசன வருதா, பாத்து சொல்லு."

"வராம? இதக் கேக்கறியே..." என்று ஆரம்பித்தவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றாள். முந்தானை மூக்கிலிருந்து தானாக இறங்கியது.

"எப்பலேர்ந்துண்ணா?"

அதுதான் அவனுக்கும் தெரியவில்லை.

கூடையில் இருந்தது அத்தனையும் கரி. கையில் எடுத்தால் பொடிந்தது. பதினோரு வருஷம் ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகை என்று நீட்டி வைத்திருந்ததை ஒரே பகலில் தன் கையாலேயே தீர்த்துவிட்டான்.

அஞ்சம்மாள் சொல்லித்தான் பரசுராமனுக்கு விஷயம் தெரிந்தது. மறுநாள் கம்பெனி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஜலதோஷம், போய்டும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மணவாளன் மாத்திரையைத் தின்றுவிட்டுத் தொட்டிக்குப் போனான். வேறே எங்கே போவது? அந்த வருஷமே அவனை நடுத் தொட்டிக்கு மாற்றினார்கள். புகை அதிகம் என்று மற்றவர்கள் நிற்கத் தயங்குகிற இடம் அது. இவனுக்குத்தான் எரியாதே என்றார்கள். பரசுராமன் மட்டும் அதற்குப் பிறகு புதிதாய்ச் சேருகிற யாரிடமும் பழகிடும் என்று சொன்னதில்லை. முக்குகிற கம்பியைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுவான்.

இரவில் படுத்துக்கொண்டு மணவாளன் அந்த வாசனையை நினைத்துப் பார்க்க முயன்றான். வைக்கோல், பழம், பாகு என்று சொல் வந்தது. சொல்லுக்குப் பின்னால் எதுவும் வரவில்லை. மா சேன் என்று சொல்லிப் பார்த்தான். அதுவும் அப்படியே.

அடுத்த தை மாதம் ஆரணிக்குப் போகவில்லை. தெருக் கிணற்றுத் தண்ணீரையே கொதிக்கவைத்தான். டப்பாவில் அள்ளிப் போட்டு வைத்திருந்த கரியில் ஒரு சிட்டிகையைக் கெண்டியில் போட்டு ஊற்றினான். முதல் தண்ணீரைக் கொட்டினான். இரண்டாவதைக் கோப்பையில் ஊற்றி அஞ்சம்மாளைக் கூப்பிட்டான்.

"குடிக்க வேணாம். மூக்குல வச்சி, இன்னா வருதுன்னு மட்டும் சொல்லு."

அவள் கோப்பையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு கணம் முகம் சுருங்கியது. பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"பாகு வாசனதாண்ணா வருது. நல்லா வருது."

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, கொடு" என்றான். வாங்கிக் குடித்தான். மையைக் கொட்டிக் கவிழ்த்த மாதிரி கறுப்பாய் இருந்தது. நாக்கில் உப்புக் கரித்தது. காலிக் கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோகவில்லை. கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டாவது ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்தான்.