அப்பாவுக்கு மறுத்த ஊசி

டிரெசர் அந்தோணி போய்விட்டார். இன்று காலை, கமுந்திங்கில், மகன் வீட்டில்.

பத்து காஜா ஊர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி... எல்லாவற்றுக்கும் டிரெசர்தான்.

நம் எஸ்டேட் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். எனக்கு அப்படி வரவில்லை.

எழுபதுகளின் கடைசி. ரப்பர் பால் எடுக்க பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய். பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் புது ஊசி வந்திருக்கிறது, போட்டால் கட்டி கரையும் என்று ஒரே பேச்சு. அம்மா ஒரு பெட்டி வாங்கி வந்து டிரெசரிடம் நீட்டினார். தினமும் போட வேண்டும்.

“இத எத்தன பேருக்குப் போட்டாங்க, எத்தன பேரு பொழச்சாங்க? யாராச்சும் எழுதி வச்சிருக்காங்களா? போட்டவங்க, போடாதவங்க, ரெண்டு பக்கமும் பாத்தாதாம்மா தெரியும். அது வரைக்கும் நான் தொட மாட்டேன்.”

“அவங்க பாத்து முடிக்கிற வரைக்கும் இவரு இருப்பாரா டிரெசர்?”

அம்மா அவர் காலில் விழுந்தார். எனக்குப் பதினைந்து வயது. பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எந்திரிம்மா. வலிக்கு மருந்து தாரேன். இது வேணாம்லா.”

பிறகென்ன... தினமும் ஈப்போவுக்கு பஸ். அம்மா தோளில் சாய்ந்துகொண்டு, ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்துக்கொண்டு போவார் அப்பா.

நடுவில் பத்து நாள் நன்றாகச் சாப்பிட்டார், சிரித்தார். கரைகிறது என்றே நம்பினோம். ஐந்தாவது வாரம் போய்விட்டார்.

“அந்த மனுசன் இங்கயே போட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பாரு.” அம்மா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் நடுவில் டிரெசரின் மனைவி ரோசக்காவுக்கும் அதே நோய். அம்மாதான் கஞ்சி காய்ச்சி என்னிடம் கொடுத்தனுப்பினார்.

மத்தியானம். கதவு திறந்திருந்தது. கட்டில் ஓரம் உட்கார்ந்து டிரெசர் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே பெட்டி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“யாராச்சும் எழுதி வச்சிட்டாங்களா டிரெசர்?”

“இல்லம்மா.” தலை நிமிரவில்லை. “சும்மா பாத்துக்கிட்டு ஒக்கார முடியல.”

கஞ்சியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ரோசக்கா இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.

ரோசக்காவை அடக்கம் செய்த அடுத்த மாதம், எங்கள் லயத்து வீடுகளில் இன்னொருவர் தன் தம்பிக்காக அதே பெட்டியோடு டிரெசரிடம் போனார்.

முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தக் கிளினிக் பிறகு ஒருநாள் மூடிக் கிடந்தது. அது மருந்தா, வெறும் தண்ணீரா... இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாளை அடக்கம். வருகிறேன் டிரெசர். அழுகை வருமா என்று தெரியவில்லை.

போய் வாருங்கள்.