முதுகுக்குப் போட்ட ஸ்பிரிங்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வண்டி பதினோரு மாதம் கட்டைமேல் நின்றது. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் மற்றவர்கள் கொல்லையில் முருங்கை இருந்தது, கோழி இருந்தது, துணி காய்ந்தது. எங்கள் கொல்லையில் யுத்த காலத்துப் பிக்கப் வண்டி ஒன்று, எஞ்சின் இல்லாமல், இடது கதவு இல்லாமல், சக்கரமும் இல்லாமல், நாலு சவுக்குக் கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. பின்தட்டில் கால் வைத்தால் அப்பளம் மாதிரி துரு நொறுங்கும். என் வீட்டுக்காரர் அதைப் பல்லாவரம் பக்கம், ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களுக்கு நடுவில் கண்டுபிடித்து, ஒரு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். என்ன கொடுத்து வாங்கினார் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அவர் லாரி டிரைவர். அந்த வண்டி வந்தபோது, டிரைவராக இருந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். முந்தின வருஷம் கூடுவாஞ்சேரி தாண்டி டயர் வெடித்து, லாரி பள்ளத்தில் சாய்ந்து, அவருக்கு முதுகில் அடிபட்டது. மூன்று மாதம் பலகையில் மல்லாந்து கிடந்தார். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் டாக்டர் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"நடக்கலாம், கடையில உக்காந்து வியாபாரம் பண்ணலாம். லாரி மட்டும் கூடாது. முதுகெலும்பு ஒண்ணு விலகி நிக்குது. ஒரு பெரிய குலுக்கு குலுக்கினா போதும், ரெண்டு காலும் போயிடும்."

நான் தலையாட்டினேன். இவர் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் மளிகைக் கடையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். மெயின் ரோட்டில் லாரி போகிற சத்தம் கேட்டால் போதும், கையிலிருந்த தராசை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்தே, ஓட்டுகிறவன் புதிதா பழசா என்று சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. பதினேழு வயசிலிருந்து ஸ்டியரிங் பிடித்த மனுஷர், நாலே மாதத்தில் பாதி ஆளாகிவிட்டார். கால் பிழைத்தது, ஆள் போய்க்கொண்டிருந்தார். அதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டு, ரசத்தில் உப்பு போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இந்த வண்டி வந்தது. நான் தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார், "டாக்டரு இன்னா சொன்னாரு? குலுக்கக் கூடாதுன்னாரு. வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லல. குலுக்காத வண்டி ஒண்ணு செஞ்சுக்கறேன்."

"நான் மௌத்தானப்புறம் செஞ்சுக்கங்க."

"அதுக்கு ரொம்ப நாளாவும். வண்டி அதுக்கு முன்னாலயே ரெடியாயிடும்."

இப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது? நான் பொரிந்து தள்ளுகிறவள், அவர் குளிர்ந்த தண்ணீர். கூட நின்று வேலை செய்ய, பஜாரில் இரும்புப் பட்டறை வைத்திருந்த ஆசாரி வந்தார். இருவரும் சின்ன வயசிலிருந்து சிநேகிதம், ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் அண்ணன் முறை. தூக்குவது, தட்டுவது, இழுப்பது எல்லாம் ஆசாரி. படுப்பது மட்டும் இவர். மல்லாந்து படுத்தால்தான் அவருக்கு வலிக்காது. அதனால் ஒரு பலகையைப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். காலை நாஸ்தாவிலிருந்து சாயங்காலம்வரை எனக்கு அவருடைய பாதம் மட்டும்தான் தெரியும்.

அந்த வண்டியில் எந்த நாட்டுக்காரன் இல்லை? சேஸ் என்கிற அடிச்சட்டமும் முகமும் அமெரிக்கா. எஞ்சின், உடைந்துபோன ஒரு இங்கிலீஷ் வேனிலிருந்து வந்தது. கியர்பாக்ஸ் வேறொரு கம்பெனி பஸ்ஸுடையது. ரேடியேட்டர் யாரோ ஒரு மிராசுதார் வீட்டு டிராக்டரில் இருந்தது. இடது கதவு பலா மரம். எஞ்சினில் இருந்த போல்ட் ஓட்டைக்கும் கியர்பாக்ஸில் இருந்த ஓட்டைக்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் வைக்க ஆசாரி அரை அங்குலக் கனத்தில் ஒரு இரும்புத் தகடு செய்தார். ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்தாலும் வண்டி உதறும். மூன்று வாரம் அரத்தால் ராவி ராவி, கையால் சுற்றிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, இவர் போதும் என்று சொல்கிறவரை ராவினார். கோபித்துக்கொள்ளத்தான் கொல்லைப் பக்கம் போவேன். போய், அந்த இரண்டு பேர் வேலை செய்கிறதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன், அடுப்பில் குழம்பு தீயும்.

அப்படியே நானும் மாட்டிக்கொண்டேன். அமெரிக்க போல்ட்டும் இங்கிலீஷ் நட்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் இறுகிக்கொள்ளும். பலவந்தம் பண்ணினால் மரை தேய்ந்து இரண்டுமே பாழ். ஒரு சாக்கு நிறைய எல்லாம் கலந்து கிடந்தது. அரிசியில் கல் பொறுக்குகிற கைதானே என்று இரண்டு முறத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எது எந்த ஊர் என்று சொன்னேன். ஆசாரி இவரிடம், "மச்சான், தங்கச்சிய பட்டறைக்கு அனுப்பு, ரெண்டு ஆள நிறுத்திடறேன்" என்றார்.

எல்லாம் கூடிவந்தது. வராதது ஒன்றுதான், அதுதான் முக்கியமானது. பின்சக்கரத்துக்கு மேல், ஒவ்வொரு பக்கமும் ஒன்பது இரும்புப் பட்டை வைத்த ஸ்பிரிங். அது வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடும். இவர் ஒரு பட்டையைக் கழற்றினார், கொஞ்சம் இளகியது. இன்னொன்றைக் கழற்றினார். ஐந்து பட்டையில் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடியது, இவர் முகத்தில் பல நாள் கழித்துச் சிரிப்பு வந்தது. பிறகு பாலாற்று மணலை மூட்டை கட்டி ஏற்றிப் பார்த்தார்கள். எட்டாவது மூட்டைக்கு வண்டியின் வயிறு அச்சில் உட்கார்ந்துவிட்டது. டயர் தகட்டில் உரசி நாறியது. மகாபலிபுரம் குப்பத்திலிருந்து கருவாடு ஏற்றி வந்து செங்கல்பட்டுச் சந்தையில் போடுவது என்பதுதான் இவருடைய திட்டம். எட்டு மூட்டை தாங்காத வண்டியை வைத்துக்கொண்டு எதை ஏற்றுவது? பட்டையைச் சேர்த்தால் முதுகு போகும், எடுத்தால் பிழைப்பு போகும். சேர்த்தார்கள், எடுத்தார்கள், ஆசாரி பட்டையைக் காய்ச்சி வளைத்துப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். இரண்டு மாதம் இதே பேஜாரு.

ஒருநாள் மத்தியானம் சாப்பாடு ஆறிப்போய்விட்டது, மூன்று தடவை கூப்பிட்டாயிற்று, இரண்டு பேரும் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பட்டையை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"முதுவு வலி யாருக்கு? வண்டிக்கா? உங்களுக்குத்தானே? அப்ப வண்டிக்கு எதுக்கு ஸ்பிரிங்க மாத்திகினு கீறீங்க? உங்களுக்குப் போட்டுக்கங்களேன் ஒரு ஸ்பிரிங்கு."

திட்டத்தான் சொன்னேன். வேறு எந்தப் புத்திசாலித்தனமும் அதில் இல்லை. ஆனால் இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்தச் சாப்பாட்டை யாரும் சாப்பிடவில்லை. சாயங்காலத்துக்குள் ரயிலடியில் ஓடாமல் நின்ற ஒரு ஜட்கா வண்டியின் ஸ்பிரிங் வில்லைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வண்டிக்கு ஒன்பது பட்டையும் திரும்ப ஏறியது. டிரைவர் சீட்டு மட்டும் தனியாக, ஜட்கா வில்லின்மேல் தொட்டில் மாதிரி உட்கார்ந்தது. தவளை மாதிரி எகிறாமல் இருக்க டயர் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி இழுத்துக் கட்டினார்கள். சீட்டு உயர்ந்ததில் தலை கூரையில் இடித்தது, கூரையை அறுத்து அரை அடி தூக்கினார்கள். கால் எட்டவில்லை, பெடலுக்கு மரக்கட்டை வைத்தார்கள். கொல்லையிலேயே முதல் தடவை உருட்டிப் பார்த்தபோது சீட்டு கீழே இறங்க, ஆசாரியின் கால் ஆக்சிலேட்டரை மிதிக்க, வண்டி பாய்ந்துபோய்க் கிணற்றுச் சுவரில் ஒரு முட்டு முட்டி நின்றது. அதன் பிறகு கையால் இழுக்கிற ஆக்சிலேட்டர் வைத்தார்கள்.

இவர் முதுகை வைத்துச் சோதனை பண்ணக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதனால் சோதனைக்கு நான். அரிசி மண்டித் தராசில் அவரையும் என்னையும் நிறுத்துப் பார்த்து, குறைகிற எடைக்கு அரிசியை மடியில் வைத்து என்னைச் சீட்டில் ஏற்றினார்கள். வண்டியைச் செங்கல்மேல் ஏற்றித் தடாலென்று இறக்குவார்கள். "இப்ப எப்டி கீது? இடுப்புல தெரியுதா?" என்று இவர் கேட்டு, டியூபைக் கூட்டுவார், குறைப்பார். எத்தனை தடவை விழுந்தேன் என்று கணக்கே இல்லை. கடைசியில் ஒருநாள், "இறக்கினீங்களா இல்லியா?" என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

எஞ்சினுக்கு செல்ஃப் கிடையாது. முன்னால் குனிந்து ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். இவர் குனியக்கூடாது, ஆசாரிக்குப் பட்டறை உண்டு. ஆக, நான்தான். கட்டை விரலை மடக்கிப் பிடிக்காதே, ஹேண்டில் திருப்பி உதைத்தால் விரல் முறியும் என்று இவர் சொல்லித்தந்தார். கழுதைக்கு வாழ்க்கைப்பட்டால் உதைக்கு அஞ்ச முடியுமா? மூன்றாம் நாள் ஒரே சுற்றில் கிளப்பினேன். தெருவில் பேசினார்கள். முக்காடு போட்டவள் நடுத்தெருவில் வண்டிக்கு ஹேண்டில் போடுகிறாளாம். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது, பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் ஓட்டம் மகாபலிபுரம். மழை பெய்து ஓய்ந்த நாள். ஆசாரி பின்னால் தொட்டியில், நான் இவர் பக்கத்தில். என் பக்கம் வெறும் பலகை. திருக்கழுக்குன்றம் போவதற்குள் என் எலும்புகள் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இவர் மட்டும் மெதுவாக மேலே போய்க் கீழே வந்துகொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது கேட்டேன்.

"எப்டி கீது?"

"நல்லா கீது."

நான் நம்பவில்லை. வலித்தால் சொல்கிற ஆளா அவர்? பல்லைக் கடித்துக்கொண்டு நல்லா கீது என்பார். அதனால் ரோட்டைப் பார்க்காமல் அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கிளட்சை மிதிக்கிற கால், பிரேக்குக்குப் போகிற கால். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது அசைகிறதா என்று பார்த்தேன்.

குப்பத்தில் இருபது மூட்டை கருவாடு ஏற்றினார்கள். ஸ்பிரிங் அசையவில்லை, ஆசாரி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். திரும்பி வருகிறபோது, கால்வாய்ப் பாலத்தை விட்டு இறங்குகிற இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. எதிரில் மாட்டு வண்டி, ஒதுங்க இடமில்லை. தண்ணீருக்கு அடியில் ரோடே இல்லை, பள்ளம்தான் இருந்தது. சக்கரம் அதில் போய் விழுந்தது. என் தலை கூரையில் மோதியது. பின்னால் ஆசாரி மூட்டைக்கு மேல் எகிறி விழுந்தார். இவர் சீட்டு அடிவரைக்கும் போய், டியூப் பட்டை ஒன்று பட்டென்று அறுந்து, மேலே வந்தது. வண்டி இன்னும் பத்தடி உருண்டு, எஞ்சின் அணைந்து நின்றது.

அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் அசையவில்லை. நான்தானே ஸ்பிரிங் போட்டுக்கொள்ளச் சொன்னேன், நான்தானே ஹேண்டில் சுற்றிக் கிளப்பினேன், என் கையாலேயே இவர் காலை எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆசாரி குதித்து ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், கால அசை. கொஞ்சம் அசைடா" என்றார். இவர் அசையவில்லை. நான் கீழே குனிந்து அவர் கணுக்காலைப் பிடித்து, பலம்கொண்டமட்டும் கிள்ளினேன்.

"ஏன் கிள்ற?" என்றார், கண்ணைத் திறக்காமல். "இவ்ளோ பெரிய குலுக்கு குலுக்கிச்சே, இப்ப வலி வரும், இப்ப வரும்னு பாத்துகினு கீறேன். இன்னும் வரல."

ஆசாரி அந்த ஈர ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வராத அழுகை, மூன்று மாதம் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வராத அழுகை, எனக்கு அங்கே வந்தது. வண்டித் தரையில் தலையைச் சாய்த்து, அவர் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அழுதேன். மாட்டு வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். இவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"உடு," என்றார் பிறகு, என் தலைமேல் கையை வைத்து. "கால உடு. கிளட்ச்ச மெதிக்கணும்."